துடைத்தாயா, சிப்பாயே?

செத்துக் கிடக்கும் சிப்பாயைப் பற்றிக் கேட்க எத்தனையோ கேள்விகள் உண்டு. பெயர் என்ன, எந்த ஊர், கல்யாணம் ஆனவனா, தந்தி யாருக்கு அடிப்பது. ராணுவத் தலைமையகம் இந்த அற்ப விஷயங்களில் அதிக நேரம் செலவிடுவதில்லை. துப்பாக்கி சுடவில்லை என்ற புகாரோடு சேர்ந்து அவன் செத்திருந்தால் அது கேட்பது ஒரே கேள்வி: துப்பாக்கியைத் துடைத்தாயா?

1967 ஏப்ரல் 24-ல் தொடங்கி மே 11 வரை வியட்நாமின் கே சான் பகுதிக் குன்றுகளில் சண்டை நடந்தது. உயரத்தையே பெயராகச் சுமந்து நின்ற குன்றுகள்: 861, 881 தெற்கு, 881 வடக்கு. அமெரிக்க மரைன்கள் 155 பேர் செத்தார்கள். எதிரி சுட்டு எத்தனை பேர், கையிலிருந்த துப்பாக்கி மக்கர் செய்து எத்தனை பேர் என்று பிரித்து எழுதும் பேரேடு எந்த ராணுவத்திலும் கிடையாது. ஆனால் உயிரோடு மீண்ட ஒரு மரைன் வீட்டுக்கு எழுதிவிட்டான். எங்களில் பெரும்பாலோரைக் கொன்றது எங்கள் துப்பாக்கியேதான், செத்தவர்கள் பக்கத்தில் எல்லாம் துப்பாக்கி பிரித்துப் போட்டபடி கிடந்தது, சரிசெய்யப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செத்திருக்கிறார்கள் என்று. அந்தக் கடிதம் நியூ ஜெர்சி நாளிதழ் ஒன்றில் வெளியாகி, காங்கிரஸ் சபையிலும் வாசிக்கப்பட்டது.

அந்தத் துப்பாக்கிதான் எம்-16. சண்டைக்குச் சில வாரங்கள் முன்புதான், பழகிய எம்-14-ஐ வாங்கி வைத்துக்கொண்டு இதைக் கையில் கொடுத்திருந்தார்கள். கடிதம் ஊரைக் கலக்கியதும் மேலிடம் பதறவில்லை. துப்பாக்கி அருமையானது, பையன்கள்தான் சரியாகத் துடைப்பதில்லை என்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். கட்டிய மேஸ்திரி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டவளின் நாட்டிய இலக்கணத்தைத் திருத்துகிறார்.

இந்த அருமையான துப்பாக்கியின் ஜாதகத்தைப் பார்ப்போம். யூஜின் ஸ்டோனர் என்ற கெட்டிக்காரப் பொறியாளர் ஆர்மலைட் கம்பெனிக்காக வடிவமைத்தது. அப்போது அதற்கு ஏஆர்-15 என்று பெயர். 1959-ல் கோல்ட் கம்பெனி உரிமையை வாங்கியது. அதன் முதல் மகத்தான வெற்றி 1960 ஜூலை 4 அன்று, மேரிலாந்தில் ஒரு பண்ணை விருந்தில் கிடைத்தது. எதிரிகள் மூன்று தர்பூசணிகள். விமானப்படை ஜெனரல் கர்டிஸ் லெமே, ஜப்பானிய நகரங்களை எரித்துப் பெயர் வாங்கியவர், இரண்டைச் சுட்டுச் சிதறடித்தார். மூன்றாவது சரணடைந்துவிட்டதால் சாப்பிட்டுவிட்டார்கள். ஜெனரலுக்குத் துப்பாக்கி பிடித்துப்போயிற்று.

தர்பூசணிக்கு அடுத்த சோதனைப் பொருள் மனிதன். 1962-ல் பென்டகனின் ஆராய்ச்சிப் பிரிவு ஓராயிரம் துப்பாக்கிகளைத் தென் வியட்நாமுக்கு அனுப்பி, யாரை எங்கே சுட்டால் உடம்பு எப்படிக் கிழிகிறது என்று விவரமாக அறிக்கை வாங்கிக்கொண்டது. அறிக்கை பரவசத்தில் எழுதப்பட்டது. கிழிந்த உடம்புகளின் சொந்தக்காரர்களிடம் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்கத் தரைப்படையின் ஆயுதத் துறைக்கு மட்டும் இந்தத் துப்பாக்கி பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் எளிது: தாங்கள் பெற்ற பிள்ளை இல்லை. அவர்கள் பெற்றது எம்-14. ஊரான் வீட்டுப் பிள்ளை பந்தயத்தில் முந்திவிடக் கூடாதே என்று சோதனைகளைச் சாய்த்து நடத்தினார்கள் என்பதை அதே ராணுவத்தின் தணிக்கைத் தலைமையே கண்டுபிடித்தது. கடைசியில் பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா எம்-14 உற்பத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டார். 1963-ல் 1,04,000 ஏஆர்-15-கள் வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. 'ஒரே ஒரு முறைக் கொள்முதல்' என்று அதற்கு நாமகரணம். ஒரே ஒரு முறை என்று தொடங்கியது அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது.

வேண்டாத பிள்ளையை வீட்டுக்குள் விட்ட பிறகு பெரியவர்கள் என்ன செய்வார்கள்? திருத்துவார்கள். கமிட்டி போட்டுத் திருத்தினார்கள். மைனஸ் 65 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் குறி பிசகும் என்று குழலின் உட்புரியை மாற்றினார்கள். துப்பாக்கி போகவிருந்ததோ வியட்நாமுக்கு. ஆர்க்டிக் பனிக்காக இவ்வளவு கவலைப்பட்ட கமிட்டிக்கு, மழைக்காட்டில் இரும்பு துருப்பிடிக்கும் என்ற ரகசியம் மட்டும் எட்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளின் ஈரத்தில் அடிபட்டுக் கற்ற பாடம் அவர்களிடமே இருந்தது. அந்தப் பாடத்தால்தான் எம்-14-இன் குழலுக்குள் குரோம் பூசினார்கள். எதிரியின் ஏகே-47-இலும் குரோம் பூசியிருந்தது. குரோமின் அருமை சோவியத் தொழிலாளிக்கும் தெரிந்திருந்தது. எம்-16-க்குப் பூசவில்லை.

அடுத்த திருத்தம் ஒரு பொத்தான். தோட்டா உள்ளே சரியாகப் போய் உட்காராவிட்டால் கட்டைவிரலால் தள்ள ஒரு பொத்தான் கட்டாயம் வேண்டும் என்று தரைப்படை அடம் பிடித்தது. வேண்டாம் என்றார் ஸ்டோனர். விமானப்படையும் வேண்டாம் என்றது. வைத்தார்கள். களத்தில் வந்த வியாதியோ, சுட்டு முடித்த காலிக்கூடு வெளியே வராமல் அறைக்குள் ஒட்டிக்கொள்வது. வெளியே வராததற்கு மருந்து, உள்ளே தள்ளும் பொத்தான்! மலச்சிக்கலுக்குக் கூடுதலாக இரண்டு இட்லி எழுதிக் கொடுக்கும் வைத்தியர்கள் எல்லா நாட்டுச் செயலகங்களிலும் இருக்கிறார்கள்.

இவை எல்லாம் சில்லறை. பெரிய காரியம் வெடிமருந்தில் நடந்தது. ஸ்டோனர் தன் துப்பாக்கியை வடிவமைத்தது டூபான்ட் கம்பெனியின் குச்சி வடிவ மருந்துக்கு. ராணுவம் தோட்டாவுக்கு வைத்த வேகக் கணக்கை அந்த மருந்தால் எட்டுவது கடினம் என்று கம்பெனிகள் கைவிரித்தன. கணக்கைத் தளர்த்தியிருக்கலாம். மருந்தை மாற்றினார்கள். 1964-ல் ஒலின் கம்பெனியின் உருண்டை மருந்து வந்தது, பல காலமாக ராணுவத்துக்குப் பழகிய சரக்கு. அது எரியும் விதம் வேறு. நிமிடத்துக்கு எழுநூறு எண்ணூறு தோட்டா கணக்கில் ஓட வேண்டிய இயந்திரம் ஆயிரத்துக்குத் தாவியது. சுட்ட கூடு வாயு அழுத்தத்தில் உப்பி அறைச்சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் நொடிக்குள்ளேயே கொக்கி வந்து இழுக்கும். விளிம்பு கிழியும், கூடு உள்ளேயே நிற்கும். அந்த மருந்தில் கலந்திருந்த கால்சியம் கார்பனேட் எரிந்த கசடு வேறு வாயுக் குழாயில் படியும். குரோம் இல்லாத அறையில் துரு அரித்த குழிகள். ஈரம், சூடு, கசடு, துரு, கிழிந்த விளிம்பு. எதிரே ஏகே-47.

இந்த இடத்தில் கோல்ட் கம்பெனி ஓர் உண்மையைச் சொன்னது. வியாபாரிகள் உண்மை சொல்வது அபூர்வம், அதனால் குறித்து வைக்க வேண்டும். ஐயா, இந்தப் புது மருந்தைப் போட்டால் எங்கள் துப்பாக்கி நீங்கள் விதித்த வேக வரம்பைத் தாண்டுகிறது, உங்கள் சோதனையில் தேறாது என்றது. ராணுவம் யோசித்தது. துப்பாக்கியை மாற்றவில்லை, மருந்தை மாற்றவில்லை, சோதனையை மாற்றியது. ஏற்புச் சோதனைக்கு நீங்கள் பழைய மருந்தையே போட்டுச் சுட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. கலெக்டர் ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் விடுதிச் சாம்பாரில் பருப்பு கிடக்குமே, அந்த ஏற்பாடு. தொழிற்சாலையில் பழைய மருந்து, துப்பாக்கி பாஸ். காட்டில் புது மருந்து, சிப்பாய் ஃபெயில். இரண்டு மருந்துக்கும் தாளில் ஒப்புதல் இருந்தது. முத்திரை இருந்தது. ஆகவே குற்றமில்லை.

இனி துடைப்புக்கு வருவோம். நம் ஊரில் என்.சி.சி. பையனிடம் பழைய 303 துப்பாக்கியைக் கொடுத்தாலும் கூடவே புல்த்ரூ கயிறு, துணித் துண்டு, எண்ணெய் எல்லாம் கொடுத்துத் துடைக்கச் சொல்லி உயிரை வாங்குவார் ஹவில்தார். உலகின் பணக்கார ராணுவம் வியட்நாமுக்கு எம்-16-ஐ அனுப்பியபோது போதுமான துடைப்புக் கம்பிகளை அனுப்பவில்லை. இந்தத் துப்பாக்கியை அதிகம் துடைக்கவே வேண்டாம், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சும் படைகளுக்குள் பரவியிருந்தது. காட்டில் கூடு சிக்கினால் ஒரே வழி, குழலின் வாயிலிருந்து கம்பியை விட்டுக் குத்தித் தள்ளுவது. நெப்போலியன் காலத்துச் சிப்பாய் மருந்தை இடித்து இறுக்கக் கம்பியைக் குழலுக்குள் விட்டானே, அந்தத் தொழில்நுட்பம். அந்தக் கம்பியும் எல்லோரிடமும் இல்லை. இருந்தவன் உயிரோடு இருக்கிறானா என்று முதலில் பார்க்க வேண்டும். பார்த்து, வாங்கி, நிமிர்ந்து, குத்தி, தோட்டா ஏற்றி, ஒன்று சுட்டு, மறுபடி சிக்கி.

இருபது வயதுப் பையன்கள் வீட்டுக்குக் கடிதம் போட்டார்கள். மிட்டாய் வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டாம், துப்பாக்கிக்கு எண்ணெயும் கம்பியும் தபாலில் அனுப்புங்கள் என்று. அம்மாக்கள் அனுப்பினார்கள். சந்திரனுக்கு ஆளை அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்த தேசத்தில், போர்முனைக்குத் துப்பாக்கி எண்ணெய் அம்மாவின் பார்சலில் போயிற்று. தபால்துறை மட்டும் சோடை போகவில்லை.

செத்தவன் பதில் சொல்ல முடிந்திருந்தால் விசாரணை எப்படிப் போயிருக்கும்? நம் அரசு அலுவலகங்களில் 17(பி) என்று ஒரு குறிப்பாணை உண்டு. வாங்கியவர்களுக்குத் தெரியும் அதன் நடை.

'துப்பாக்கியை ஒழுங்காகத் துடைத்தீரா?'

'துடைப்புக் கம்பி கொடுக்கலீங்க ஐயா.'

'கேட்டதற்கு மட்டும் பதில். துடைத்தீரா, இல்லையா?'

'சட்டைத் துணியைக் கிழிச்சுத் துடைச்சேங்க.'

'சீருடையைச் சேதப்படுத்தியதை ஒப்புக்கொள்கிறீர். குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, எதிரி முன்னேறும்போது துப்பாக்கியைச் சுடாமல் பிரித்துப் போட்டிருக்கிறீர். ஏன்?'

'சுடலீங்க ஐயா, அதான் பிரிச்சேன்.'

'அரசு ஆயுதத்தை அனுமதியின்றிப் பிரித்தல். அடுத்து, தோட்டாவில் என்ன மருந்து இருந்தது என்று பார்த்தீரா?'

'அது எனக்கெப்படிங்க தெரியும்?'

'தெரியாமல் சுட்டிருக்கிறீர். கடமையில் அலட்சியம். குற்றச்சாட்டுகள் நிரூபணமாகின்றன. விளக்கம் தர பதினைந்து நாள் அவகாசம். நீர் இறந்துவிட்ட காரணத்தால் விளக்கம் எதுவும் இல்லை எனக் கருதி மேல்நடவடிக்கை தொடரும்.'

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், நடந்ததைக் கேளுங்கள். 1967 ஜூலையில் மரைன் லெப்டினன்ட் ஒருவர், ஒரே சண்டையில் தன் கம்பெனியின் நாற்பது துப்பாக்கிகள் சிக்கி நின்றதைப் பார்த்துவிட்டு, பத்திரிகைகளுக்கும் அதிகாரத்தில் உள்ளவர்களுக்கும் கடிதம் எழுதினார். அக்டோபரில் 'வாஷிங்டன் போஸ்ட்' அதை வெளியிட்டது. உடனே விசாரணை வந்தது. நாற்பது துப்பாக்கிகள் மேல் மட்டும் வந்திருந்தால் மகிழலாம். எழுதிய மனிதர் மேலும் வந்தது. நாற்பது துப்பாக்கிகள் வாயை மூடிக்கொண்டது ராணுவத்துக்குப் பெரிதாகப்படவில்லை. ஒரு லெப்டினன்ட் வாயைத் திறந்தது பட்டது.

1968-ல் ராணுவம் விழித்துக்கொண்டு ஒரு படக்கதைப் புத்தகம் போட்டது. வில் ஐஸ்னர், பெயர்போன ஓவியர், அவரைக் கொண்டே வரையவைத்தார்கள். வளைவு நெளிவான ஒரு பெண் துப்பாக்கியைக் கொஞ்சிக் கொஞ்சி, இதை எப்படிக் கழற்ற வேண்டும், எங்கே எண்ணெய் விட வேண்டும் என்று இரட்டை அர்த்தத்தில் பாடம் எடுப்பாள். ஓவியம் பிரமாதம், அதில் குறையில்லை. பாடமும் உபயோகமானதுதான். புத்தகத்தில் இல்லாதது ஒரே ஒரு பக்கம்: மருந்தை மாற்றியது யார், குரோம் வேண்டாமென்றது யார், சோதனையில் பழைய மருந்துக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று படத்தோடு விளக்கும் பக்கம். அந்த முகங்களை வரைய ஐஸ்னரிடம் யாரும் கேட்கவில்லை போலும்.

அதற்குள் அறைக்குக் குரோம் வந்தது, போல்ட்டை நிதானப்படுத்த அடிக்கட்டையில் கனம் கூட்டிய அமைப்பு வந்தது, துடைப்புக் கம்பிகளும் வந்து சேர்ந்தன. துப்பாக்கி தேறிவிட்டது. 1968 மார்ச் 16 காலை மை லாய் கிராமத்துக்குள் நுழைந்த சிப்பாய்களின் கையிலும் எம்-16 இருந்தது. எதிரே ஏகே-47 இல்லை. கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள். வியட்நாமியர் கணக்கில் 504 பேர். அந்தக் காலையில் துப்பாக்கி வேலை செய்தது. துப்பாக்கி சிக்கியதால் செத்த அமெரிக்கப் பையனுக்காகக் கோபப்படும்போது, சிக்காததால் செத்தவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் நான் கோபப்படுகிறேன். இரண்டு பிணங்களையும் உருவாக்கியது ஒரே அலுவலகம்.

இது அமெரிக்காவின் குலநோய் என்று நாம் சிரித்துக்கொண்டு போய்விட முடியாது. பிரிட்டனின் எஸ்ஏ-80 துப்பாக்கி 1991 வளைகுடாப் போரில் மணலில் திணறியது. கொசு மருந்து பட்டால் அதன் பிளாஸ்டிக் உருகும் என்ற புகழும் அதற்கு உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்து ஜெர்மன் கம்பெனியிடம் திருத்தி வாங்கிய பிறகும், 2002-ல் ஆப்கானிஸ்தானிலிருந்து ராயல் மரைன்கள் புகார் சொன்னார்கள். லண்டன் ஆராய்ந்து கண்டுபிடித்தது என்ன? சரியாகத் துடைக்கவில்லை! நம்முடைய இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மேகசின் 1999-ல் கார்கில் குளிரில் விரிசல் விட்டதாகச் செய்திகள் வந்தன. 2005-ல் காலிகோட்டில் மாவோயிஸ்டுகளிடம் பலத்த அடி வாங்கிய நேபாள ராணுவம், இந்தியா தந்த இன்சாஸ் சண்டை நடுவே நின்றுவிட்டது என்றது. நம் தரப்பு பதில்: அவர்கள் அதைச் சரியாகக் கையாளவில்லை. மொழி வேறு, கொடி வேறு, மறுமொழியை மட்டும் எங்கோ ஓரிடத்தில் மொத்தமாக அச்சடித்து எல்லாத் தலைநகரங்களுக்கும் விநியோகிக்கிறார்கள்.

வியட்நாம் விவகாரத்தை விசாரிக்க அமெரிக்கக் காங்கிரஸ், ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையில் ஒரு துணைக்குழு அமைத்தது. குழு நேர்மையாகத்தான் தோண்டியது. ஆயுதக் கொள்முதலுக்குப் பொறுப்பாயிருந்த ஜெனரல் ஒருவர் ஓய்வு பெற்ற சில மாதங்களில் கோல்ட்டின் தாய்க் கம்பெனிக்கே ஆலோசகராகப் போய்ச் சேர்ந்ததையும் தோண்டி எடுத்தது. வேலையில் இருக்கும்போது அவர் யாருக்கு ஆலோசனை சொன்னார் என்று நாமாக யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். 1967 அக்டோபரில் அறிக்கை வந்தது. தோட்டாவில் உள்ள குறை தெரிந்தும் அதிகாரத்தில் இருந்தவர்கள் சரிசெய்யத் தவறியது குற்றவியல் அலட்சியத்தின் எல்லையைத் தொடுகிறது என்று எழுதினார்கள். எல்லையைத் தொடுகிறது, தாண்டவில்லை! கபடிக்கோட்டைத் தொட்டுவிட்டு மூச்சடக்கித் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருவர் மீதும் வழக்கு இல்லை.

வாசகரே, நம் பேப்பரிலும் அடிக்கடி ஒரு படம் வருகிறது. பாதுகாப்புக் கண்காட்சியில் ஓர் அமைச்சர் புத்தம்புதுத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, கேமராவைக் குறிபார்த்துச் சிரிப்பார். அடுத்த முறை அந்தப் படம் வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள்: சோதனையில் போட்ட தோட்டாவும் எல்லையில் நிற்கும் பையனுக்குப் போகும் தோட்டாவும் ஒன்றுதானா, ஒன்றுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் யார், அவர் ஓய்வு பெற்றபின் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று கேளுங்கள். கேட்டால் தேசத்துரோகி என்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.